திருப்பி அடித்த கல்லூரி

லாஸ் ஏஞ்சலஸ்,
பஸ்காவுக்கு முந்தைய ஞாயிறு

என் செல்ல மகள் ரோயாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் உன் தங்கை நேகரும் சௌக்கியம், அப்பாவும் இடுப்பைத் தவிர மற்ற இடங்களில் சௌக்கியம். இடுப்பு வலிக்குக் காரணம் வயது என்று டாக்டர் சொல்கிறார், மெத்தை என்று அப்பா சொல்கிறார், ஆகவே புது மெத்தை வாங்கியிருக்கிறோம். நீ அங்கே மெல்பர்னில் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து, வயிறாரச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், அப்படி இல்லாவிட்டாலும் இருப்பதாகவே பதில் எழுது. போன் இருக்கும்போது எதற்கு அம்மா கடிதம் என்று கேட்பாய். நடந்தது முழுக்க உன் அப்பாவைப் பற்றியது, போனில் சொன்னால் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்துவார். உன் சித்தப்பா மகன் கம்பெனி வேலையாக நாளைக்கு அங்கே கிளம்புகிறான், ஒரே நாளில் திரும்பிவிடுவானாம், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பேரீச்சம்பழமும் கொட்டைகளும் போட்டு உனக்குப் பிடித்த ஹலேக்கும் ஒரு பாட்டில் அரைத்துக் கொடுத்தேன். உங்கள் ஊர் விமான நிலையத்து நாய் பாதாம் பருப்பைக் கூட மோந்து கண்டுபிடித்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம், பயந்துபோய் வாசலோடு திருப்பிக் கொடுத்துவிட்டான்.

நேகரின் கல்லூரி விஷயம்தான் இத்தனை நாளாக வீட்டில் காலை மாலை இரண்டு வேளையும் ஓடியது. இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது, மே முதல் தேதிக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருந்தது. ஒன்று பாஸ்டன் பக்கம், பெயரைச் சொன்னாலே உன் மஹின் அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவாள், அவ்வளவு பெரியது. அங்கே யூத மாணவர்களுக்கென்றே கண்ணாடி பதித்த மூன்று மாடி இல்லம் இருக்கிறது, நம் முறைப்படி நடக்கும் சமையலறை, மூன்று விதமாக ஜெபிக்கிறவர்களுக்கு மூன்று அறை, நாலாவது ஒன்று ஜெபிக்காதவர்களுக்கு. மற்றது ஓஹையோவில் சோளக்காட்டுக்கு நடுவில். நேகர் படிக்கப்போவது பாறையையும் மண்ணையும், அது இரண்டு இடத்திலும் ஒரே தரம்தானாம், ஆகவே படிப்பு பேச்சிலேயே இல்லை. சோளக்காட்டில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். எல்லாரும் ஒரு வேனில் ஏறிவிடலாம் என்றாள். சின்ன வேனா பெரிய வேனா என்று கேட்டாள் அத்தை, அதில் கல்யாணத்துக்கு ஆகிற பையன்கள் எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி.

என் கவலை வேறு, அது உனக்குத் தெரியும். போன வருஷம் நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, கல்லூரியில் முதல் வருஷம் பரீட்சை என்று பஸ்காவுக்கு வீட்டுக்கு வராமல், ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து புளிப்பில்லா அப்பத்தில் ஜாம் தடவித் தின்றதாக, பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டுவாளோ என்று பண்டிகைப் பாட்டையெல்லாம் மனசுக்குள்ளேயே பாடியதாக. நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், இதை இன்றைக்குத்தான் உன்னிடம் சொல்கிறேன். அந்தப் பஸ்கா ராத்திரி நான் போன் பண்ணினபோது “நண்பர்களோட இருக்கேம்மா” என்றுதானே சொன்னாய். பின்னால் ஏதோ சத்தம் கூடக் கேட்டது, அது டிவி என்று எனக்கு எப்படித் தெரியும். அதனால் நேகருக்கு எந்தக் கல்லூரியானாலும் சரி, என் இரண்டாவது பெண் ஜாம் தின்னக் கூடாது, எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இரண்டு கல்லூரிகளிலும் புதிதாக இடம் கிடைத்த பிள்ளைகளையும் பெற்றோரையும் கூப்பிட்டு, பஸ்காவுக்கு முன்னாலேயே ஓர் ஒத்திகை விருந்து வைக்கிறார்கள், நிஜப் பண்டிகைக்கு அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம் என்று. முதலில் பாஸ்டன் கிளம்பினோம். நான் துணிமணி எடுத்து வைத்தேன், அப்பா கடைக்குப் போய் வெங்காயத்தாள் வாங்கி வந்தார், ஒரு கட்டு இரண்டு கட்டு இல்லை, அந்த ஊரில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஒரு கைப்பை நிறைய. விமான நிலையத்தில் பையைத் திறந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு இது என்ன என்று கேட்டாள், மத விஷயம் என்றார் அப்பா. அவள் உடனே பையை மூடிக் கொடுத்துவிட்டாள். நேகர் வேறு குடும்பத்தோடு வந்தவள் மாதிரி பத்தடி தள்ளி நின்றாள்.

அந்த இல்லத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது ரோயா கண்ணே. கல்யாண மண்டபம் போல ஹால், வெள்ளை விரிப்பு, ஒவ்வொரு தட்டுக்கும் பெயர் எழுதிய அட்டை. அப்பாவுக்குப் பக்கத்தில் அந்த இல்லத்துக்கே தலைவரான பேராசிரியர் வைஸ்பிளாட், ஒடிசலான மனிதர், பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமுவார். சாப்பாட்டில் என்னென்ன என்று அப்பா விசாரித்தார், சோறு மட்டும் கிடையாது, எங்கள் பக்கத்து வழக்கப்படி பஸ்காவுக்கு அரிசி ஆகாது என்று அவர் பக்குவமாகச் சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பி நம் பாஷையில், “பஸ்காவுக்குச் சோறு இல்லையா? அதுக்கு நாம எகிப்துலயே இருந்திருக்கலாமே” என்றார். நல்லவேளை பேராசிரியருக்குப் பாரசீகம் தெரியாது.

பிறகு எகிப்திலிருந்து விடுதலையானதைச் சொல்லும் அந்தப் பாட்டு வந்தது. நம் வீட்டில் அந்தப் பாட்டின் முதல் வரிக்கே என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, போன வருஷம் சித்தப்பாவின் கண்ணாடி சூப்பில் கிடந்தது. உன் அப்பா உலகத்தில் உள்ள எல்லா யூதர்களும் அதைச் செய்கிறவர்கள் என்று அறுபது வருஷமாக நம்பிக்கொண்டிருப்பவர். பாட்டு தொடங்கியதும் பையிலிருந்து நல்ல நீளமான வெங்காயத்தாளாகப் பார்த்து ஒன்றை உருவி, வாயெல்லாம் பல்லாக, பேராசிரியர் வைஸ்பிளாட்டின் தோளில் பளீரென்று ஒரு போடு போட்டார். பேராசிரியர் கையிலிருந்த திராட்சை ரசம் முழுக்க விரிப்பில். அப்பா, அடித்தது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு போடு போட்டார். நேகர் கைக்குட்டை விழுந்துவிட்டதாக மேஜைக்கு அடியில் போனவள் வரவேயில்லை. ஒரு மாணவி ஓடிப்போய் ஐஸ் கொண்டுவந்தாள். இன்னொருத்தி என் காதருகே குனிந்து, வீட்டில் நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா, யாரிடமாவது பேச வேண்டுமா என்று மெல்லக் கேட்டாள்.

விஷயத்தை விளக்கியதும் ஐயோ, அப்படி ஒரு மரியாதை. எவ்வளவு அருமையான வழக்கம், எவ்வளவு அருமையான வழக்கம் என்று பேராசிரியர் தோளைத் தடவிக்கொண்டே சொன்னார், அப்பாவை மேடைக்கு அழைத்து மைக்கையும் கையில் கொடுத்துவிட்டார். எகிப்தில் எஜமான் நம்மைச் சாட்டையால் அடித்தான், அந்தச் சாட்டை இப்போது வெங்காயத்தாளாகிவிட்டது, அதனால் ஒருவரையொருவர் அடித்துச் சிரிக்கிறோம் என்று அப்பா தலையில் வைத்த குல்லாவைச் சரிசெய்துகொண்டு பேசினார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெங்காயத்தாள் கைப்பை அப்பாவின் காலி நாற்காலியில் திறந்தபடியே இருந்தது. அதன் பிறகு சாப்பாடு. ஒரு பையன் வந்து இன்னும் கொஞ்சம் கோழி வைக்கட்டுமா என்று கேட்டான், அப்பா மரியாதைக்கு வேண்டாம் என்றார். நம் வீட்டிலானால் இரண்டாம் தடவை கேட்போம், மூன்றாம் தடவை கேட்காமலே போடுவோம். அந்தப் பையன் சரி சார் என்று சிரித்துவிட்டுக் கோழியோடு போயே போய்விட்டான். அது போகிற திசையையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் எனக்குத் திருப்திதான், இத்தனை பேருக்கு நடுவில் என் பெண் தனியாக இருக்க மாட்டாள் என்று நினைத்தேன். நேகர் வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள், அவமானத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் ஓஹையோ. இந்தத் தடவை பையை நானே சோதித்தேன், கோட்டுப் பைகளையும் சோதித்தேன், காலுறையில் கூடப் பார்த்தேன், இருந்தது, எடுத்துவிட்டேன். அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் கை இரண்டும் மடியில் இருக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். அங்கே மூன்று மாடியும் இல்லை கண்ணாடியும் இல்லை, சாயம் போன ஒரு பழைய மரவீடு, பழைய கதவைப் படுக்கவைத்து மேல் விரிப்பைப் போட்டு மேஜை என்கிறார்கள், எனக்கு எதிரே விரிப்புக்கு அடியில் கைப்பிடி துருத்திக்கொண்டிருந்தது. எல்லாம் ஃப்ரீடா என்ற நெப்ராஸ்காப் பெண்ணின் பொறுப்பு, செம்பட்டை முடி, முட்டை தீய்ந்துவிட்டது என்று வாசலிலேயே எங்களிடம் சொல்லிவிட்டாள். மேஜையின் ஒரு கோடியில் சோற்றுப் பானை, மறு கோடியில் சோறு ஆகாதென்கிறவர்கள், நடுவில் அந்தப் பிள்ளைகள் யார் சொல்வது சரி என்று ஜெபத்தின் ஊடே கூடச் சண்டை போட்டுக்கொண்டேயிருந்தார்கள். நானும் அப்பாவும் சோற்றுப் பக்கம். அந்தப் பாட்டு தொடங்கியது. அப்பா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் முட்டி போட வைத்த பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

அப்போது நேகர், நம் நேகர் ரோயா, கடையில் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு என்னை அனுப்புகிறவள், சாலட் கிண்ணத்தில் வாடிக் கிடந்த ஒரு வெங்காயத்தாளை எடுத்தாள். முகமெல்லாம் சிவந்து, கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஃப்ரீடாவின் தோளில் அடித்தாள். இவளுக்கும் ஐஸ் வருமே, இவளையும் மேடை ஏற்றுவார்களே என்று எழுந்துவிட்டேன். ஃப்ரீடா அந்த வெங்காயத்தாளைப் பார்த்தாள், நேகரைப் பார்த்தாள், எதற்கு என்று கேட்டாள். “எகிப்துல நம்மள அடிச்ச சாட்டை இது, இப்ப நம்ம கையில இருக்கு” என்றாள் நேகர். ஃப்ரீடா கையை நீட்டினாள். “அப்ப எனக்கு ஒண்ணு கொடு” என்றாள். கொடுத்ததும் என் பெண்ணை அடித்தாள் பார், அந்தச் சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று கேட்காதே. சாலட்டில் இருந்த வெங்காயத்தாள் தீர்ந்ததும் சமையலறையிலிருந்து செலரித் தண்டு வந்தது, சோறு ஆகாதென்கிறவர்கள் சோற்றுப் பக்கத்தைத் தேடி வந்து அடித்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன், சத்தியம் அத்தோடு முடிந்தது. பெயரே தெரியாத ஒரு பெண் என் முதுகில் செலரியால் அடித்துவிட்டு, மன்னிச்சிடுங்க ஆன்ட்டி என்று சொல்லி மறுபடியும் அடித்தாள். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் அடி வாங்கியதே இல்லை. சாப்பாட்டின்போது ஃப்ரீடா கோழியோடு வந்தாள், அப்பா வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் தட்டில் போட்டுவிட்டுப் போனாள். கோழி ரப்பர் மாதிரி இருந்தது. அப்பா எலும்பு மட்டும் மிச்சம் வைத்தார்.

விமான நிலையத்துக்குத் திரும்பும் வழியில் காரில் நான் அப்போதும் பெரிய கல்லூரியைத்தான் இழுத்தேன். அங்கே எத்தனை பேர், இங்கே ஒரு வேன், நாளைக்கு நாலு பேர் படிப்பை முடித்துப் போய்விட்டால் நீ யாரோடு உட்காருவாய் என்றேன். அவள் தலையில் ஒட்டியிருந்த செலரி இலையை எடுத்துவிட்டுச் சொன்னாள், “பாஸ்டன்ல எல்லாரும் கைதட்டினாங்கம்மா. ஆனா பையிலேர்ந்து ஒருத்தர்கூட ஒண்ணை எடுக்கல.” நான் பெயர் அட்டைகளைப் பார்த்தேன், அவள் மேஜைக்கு அடியிலிருந்து அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஃப்ரீடா போன் பண்ணி, ஊருக்குப் புறப்படும்போது உனக்கு மூக்கு ஒழுகியதே, சரியாகிவிட்டதா என்று நேகரைக் கேட்டாள். அன்றைக்கே ஓஹையோவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டோம். அடிக்கிற இடத்துக்கா வயசுப் பெண்ணை அனுப்புவார்கள் என்று மஹின் அத்தை நம்மோடு பேச்சை நிறுத்தியிருக்கிறாள், பஸ்கா விருந்துக்கு மட்டும் வருவாளாம்.

இனி உன் விஷயம். போன வாரம் போனில் பஸ்கா ராத்திரிக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். “நண்பர்களோட இருப்பேம்மா” என்றாய். அதே வார்த்தை ரோயா, அதே குரல். நான் போனை வைத்துவிட்டுக் குழாயைத் திறக்கவில்லை, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இதைப் படித்து முடித்ததும் கீழே இறங்கிப் போய் வெங்காயத்தாள் வாங்கு, இரண்டு கட்டாக வாங்கு. அப்புறம் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிறவளோ, எதிர்வீட்டுக்காரியோ, ஜெப ஆலயத்தில் ஒரு தடவை பார்த்துச் சிரித்தவளோ, யாரையாவது கூப்பிட்டு உட்கார வை, அவர்கள் யூதராக இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. உனக்கும் கூச்சம்தான், தெரியும். உன் தங்கை மாதிரி கண்ணை மூடிக்கொள். யாரை அடித்தாய் என்று பெயரோடு எனக்கு எழுத வேண்டும், நண்பர்கள் என்று பொதுவாக எழுதினால் நம்ப மாட்டேன். ஜாம் பாட்டில் வீட்டில் இருந்தால் இப்போதே யாருக்காவது கொடுத்துவிடு.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தரட்டும். நீ எந்த ஊரில் இருந்தாலும் உனக்கு அடிக்க ஓர் ஆளும், உன்னைத் திருப்பி அடிக்க ஓர் ஆளும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.

ஆயிரம் முத்தங்களோடு,
உன் அம்மா
ஹோமா