கிணற்றுக்குள் விட்ட தண்ணீர்

மார்ச் 4
தண்ணீர் லாரி வந்து ஒன்பது நாள். தெருக்கோடியில் துளை போடும் மெஷின் தொள்ளாயிரம் அடி தாண்டிவிட்டது. "இதுலயும் இல்லன்னா வீட்டப் பூட்டிட்டு நகரத்துக்குப் போயிடலாம்மா" என்கிறான் மகன். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் எதிர்வீட்டுக் கொழுந்தன், தன் போர்வெல் வற்றியதை மறைத்து, "ஆழமாப் போடுங்கண்ணே, ஊத்து இருக்கு" என்றான். நம்பி என் வீட்டுக்காரர் எங்கள் கிணற்றுக்குள் போர் போட்டார். வந்தது புழுதி. அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பொய் சொன்ன அந்த வாயோடு எனக்குப் பேச்சில்லை.

மார்ச் 10
தெருக்கோடிப் போரில் தண்ணீர் வந்துவிட்டது. நாக்கில் வைத்தேன். லேசாக உப்பு, பரவாயில்லை. நிலத்தடி நீர் பார்க்கும் அதிகாரிப் பெண்தான் நம்பவில்லை. மூன்று நாள் நிறுத்தாமல் இறைக்க வேண்டுமாம். எங்கள் கிணற்றை ஒட்டி இன்னொரு துளை போட்டு, அதில் அளவு நாடா விட்டு, மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பாளாம்.

மார்ச் 11
இறைத்ததெல்லாம் சாக்கடையில் ஓடுகிறது. பாவிகளா, இதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? ஓஸ் பைப் போட்டு எங்கள் வறண்ட கிணற்றில் விட்டேன்.

மார்ச் 14
ஒரே அடிதான் இறங்கியதாம். அதிகாரிக்கு முகமெல்லாம் பல். மருமகள் கட்டிய மூட்டையைப் பிரித்துவிட்டாள். நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். மூன்று நாள் விட்ட தண்ணீர் ஒரு குடம்கூட இல்லை. இவர் போட்ட போர் வழியாக அத்தனையும் கீழே போயிருக்கிறது. அப்படியானால் அவள் அளந்தது — நான் ஊற்றியதையா?

மார்ச் 15
யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 16
கொழுந்தன் வாசலில் வந்து நின்றான். "அண்ணி, வேலைய விட்டுட்டு வாடான்னு பையனுக்குப் போன் போடப் போறேன். இனி விவசாயம் பண்ணலாம்."
"வரச் சொல்லாத" என்றேன். இருபத்தொரு வருஷத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. இப்போது பொய் என் வாயில் அல்லவா இருக்கிறது? நேரே அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.
மகன், "வாய மூடிக்கிட்டு இருந்தா என்னம்மா?" என்றான்.

மார்ச் 24
ஓஸ் இல்லாமல் திரும்ப இறைத்தார்கள். எழுபது அடி இறங்கியது. நிறுத்தி நாலு நாளாகியும் பத்து அடிகூட ஏறவில்லை. அதிகாரி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ரொம்பப் பழைய தண்ணி பாட்டி. இப்பப் பெய்யிற மழை அங்க போய்ச் சேராது. குடிக்க மட்டும்னா கொஞ்ச வருஷம் தாங்கும். வயலுக்கு விட்டா ரெண்டே வருஷம்."

ஏப்ரல் 2
மகனும் மருமகளும் போய்விட்டார்கள். "நீயும் வா" என்றான், முகத்தைப் பார்க்காமல். இவர் தோண்டிய குழியை விட்டு எங்கே போவேன்?

ஏப்ரல் 19
இனி வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம்தான். வாராவாரம் மட்டம் எழுதும் வேலையை அதிகாரி என்னிடம் கொடுத்திருக்கிறாள். என்னால் குனிய முடியாது. கொழுந்தன் நாடா விட்டான். தண்ணீர் இன்னும் ஓர் அடி கீழே போயிருந்தது.
"இருநூத்திப் பதினாலு அடி. மனசு கேக்கல அண்ணி, போன வாரம் மாதிரி பதிமூணுன்னே எழுதுங்களேன்."
"உன் வாய் திருந்தாது" என்றேன்.
214 என்று எழுதினேன்.