பெயருக்குள் நுழைந்த கமா

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஆபிஸ் வர ஒன்றேகால் மணி நேரம். உட்காரக்கூட இல்லை, போன். கோத்தா திங்கியிலிருந்து லெட்சுமி என்ற அக்கா. தொழிற்சாலை பஸ்ஸுக்கு எங்கள் மென்பொருளில் பதிந்தவர். பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. டிரைவரின் பட்டியலில், ஏறும் இடம் இருக்க வேண்டிய கட்டத்தில் ஐசி, அதாவது அடையாள அட்டை எண்.

"ஒரு மணி நேரமா ரோட்ல நிக்கிறேன்மா. சூப்பர்வைசர் வார்னிங் லெட்டர் குடுப்பேங்கிறாரு. நான் யாருகிட்ட போய் சொல்றது?"

டீம் லீடர் கண்ணனிடம் சொன்னேன். தலையைத் தூக்கவே இல்லை. டேட்டா ப்ராப்ளம் லா, என்றான். காலையில் அந்த மூஞ்சியைப் பார்ப்பதே தண்டனை.

வாங்க: ரொட்டி, மைலோ, கொசுவர்த்தி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காரணம் கிடைத்தது. அக்கா பெயருக்குப் பின் கமா போட்டு ஊரையும் தட்டியிருக்கிறார். பட்டியலில் கட்டங்களைப் பிரிப்பதே கமாதான். ஒன்று கூடினால் எல்லாக் கட்டமும் தள்ளிப்போகும். பெயரில் எழுத்து, இடைவெளி, கோடு, மகன், மகள் என்று குறிக்கும் a/l a/p-க்கான சாய்கோடு, இவ்வளவுதான் அனுமதி. கமா எப்படி நுழைந்தது?

அந்த விதியை எழுதியவன் கண்ணன். தவறு அவனுடையது என்று முதலாளி மிஸ் லிம்முக்கு உடனே மின்னஞ்சல். அவனுடைய காண்டிராக்ட் வெள்ளியன்று புதுப்பிக்க வேண்டும். தெரிந்துதான் அனுப்பினேன். வயிறு குளிர்ந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

மழை. மிஸ் லிம் ஆதாரம் கேட்டார். பழைய பதிப்புகளைத் தோண்டினேன்.

கண்ணன் எழுதிய விதி, அனுமதி உள்ளவை அடைப்புக்குள்: [A-Z -]
கோடு கடைசியில் நிற்பதால் அது வெறும் கோடுதான். கமா நுழையாது.

ஜூன் மாதத் திருத்தம்: [A-Z -/]
பின்னால் சாய்கோடு ஒட்டியதும் அந்தக் கோட்டுக்கு 'இதிலிருந்து அதுவரை' என்று அர்த்தம். இடைவெளியிலிருந்து சாய்கோடு வரை கணினியின் எழுத்து வரிசையில் உள்ள அத்தனையும் உள்ளே. கமா, புள்ளி, நட்சத்திரம், சதவீதம். சோதனையில் a/l-ஐ ஏற்றது, கோட்டையும் ஏற்றது. யாருக்குச் சந்தேகம் வரும்?

திருத்தியவர் பெயர்: என்னுடையது.

ஞாபகம் வந்தது. ஜூனில் என் முழுப்பெயரைத் தட்டியபோது a/p-யில் சிவப்புப் பிழைக்குறி. அதை எடுத்துட்டுப் போடச் சொல்லுங்க என்றான் கண்ணன். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அது ஐசியிலேயே இருக்கிறது. அந்தக் கோபத்தில் சாய்கோட்டைச் சேர்த்து, அவனிடம் காட்டாமலே ஏற்றினேன்.

கோட்டைக் கடைசிக்குத் தள்ளிச் சரிசெய்ய இரண்டு நொடி.

ஆகஸ்ட் 7, வியாழன்

சொல்லவில்லை. ஆதாரம் தேடுகிறேன் என்று மிஸ் லிம்மிடம் பொய். அவர் கண்ணனை அறைக்குள் கூப்பிட்டார். நாற்பது நிமிடம். வெளியே வந்தவன் என் பக்கம் திரும்பவில்லை.

இப்போது பஸ் ஒழுங்காக ஓடுகிறது. அவனும் எப்படியும் துரத்த வேண்டியவன்தான். இப்படியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். படுக்குமுன் அலாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எட்டரைக்கு மிஸ் லிம் அறை. கண்ணனும் இருந்தான். நான்தான் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிப்பும் கேட்டேன். அவனுக்குக் காண்டிராக்ட் நீட்டிப்பு. எனக்கு எச்சரிக்கைக் கடிதம்.

வெளியே வந்ததும் அவன் மெதுவாகச் சொன்னான். "புதன்கிழமையே பழைய பதிப்பப் பாத்துட்டேன். யாரு மாத்துனாங்கன்னு எனக்கும் தெரியும்ல. நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்."

அப்படியென்றால் நேற்று நாற்பது நிமிடமும் என் பெயரைச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். இனி இவனைத் திட்டக்கூட எனக்கு வாய் இல்லை.