அர்பாபின் குட்டி ரிவால்வர்

14.11.1986, வெள்ளி. அல் ஐன்.

எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, ரிவால்வர் தோட்டாவுக்குத் தானே வெடிமருந்து அடைப்பவர். நான் வெறும் டிரைவர். இன்று பாலைவனத்தில் ரிவால்வரை என்னிடம் நீட்டி, "யல்லா, அந்த டப்பாவைச் சுடு" என்றார். உள்ளங்கை அளவு துப்பாக்கி. குழாயில் சுண்டுவிரல் போகும். கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன். தோள்வரை உதறியது. டப்பா அசையவில்லை. தள்ளி நின்ற அவருடைய புது வண்டியின் ஹெட்லைட் தூள்தூள்.

"மருந்து கொஞ்சம் கூடிப்போச்சு" என்று முனகினார். பிறகு, "ஒட்டகம் முட்டியதென்று வீட்டில் சொல். உனக்கு லீவு தருகிறேன்" என்றார்.

அப்படியே சொன்னேன். அவர் மனைவி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒட்டகம் எந்தப் பக்கம் ஓடிற்று?" என்று கேட்டார்.

நான் கிழக்கே என்றேன். அதே நேரத்தில் அர்பாப் மேற்கே என்றார்.

லீவு இனி ஏது?