அப்பா நிறுத்தாத பூத்தண்ணி

உ

கொட்டாஞ்சேனை,
வியாழக்கிழமை.

அன்புள்ள மகள் துஷ்யந்திக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நான் சுகம். அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்கிறேன். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் சுவாமி அறைக்கு முன்னால் இருந்து எழுதுகிறேன், பொய் எழுத ஏலாது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ எடுத்தால் அவர் டிவிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார், வட்ஸ்அப்பில் எழுதினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையும் வாசிப்பார், உன்னோடு கதைக்க மட்டும் மாட்டார். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். கீழ்க்கடை ரிம்ஸானிடம் கொடுத்து, அவனுடைய போனில் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பச் சொல்லுவேன்.

விஷயம் நீ அனுப்பிய பூப் பெட்டிதான். வயல் வரம்பில் தானாக முளைக்கும் பூ, இங்கே கமிலே என்பார்கள், என் கையால் பிடுங்கிக் காயவைத்தேன், அப்பாவுக்கு நித்திரை வர நல்லது என்று துண்டு எழுதி வைத்திருந்தாய். பெட்டியைத் திறந்ததும் அழுகப் பார்க்கும் அப்பிளும் ஆஸ்பத்திரியும் சேர்ந்த மாதிரி ஒரு மணம் வீடு முழுக்கப் பரவியது. சுவாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே சுடுதண்ணியில் போட்டுத் தேத்தண்ணி மாதிரி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு கிழமையில் அவருக்குக் கழுத்திலும் கையிலும் தடிப்பு எழும்பியது. கரப்பன் என்று நினைத்து இறாலை நிறுத்தினேன், கத்தரிக்காயை நிறுத்தினேன், கருவாடு, தக்காளி, அன்னாசி எல்லாவற்றையும் நிறுத்தினேன். பூத்தண்ணியை மட்டும் மருந்தென்று இரண்டு வேளையை மூன்று வேளையாக்கினேன். என் புத்தியை என்னவென்று சொல்ல. கந்தசஷ்டி ஆறு நாளும் அவர் பாலும் பழமும்தான், தடிப்பு இருந்த இடமே தெரியவில்லை, முருகன் மாற்றிவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்னேன். விரதம் முடிக்கும் பாறணை முடிந்த கையோடு இரண்டு கோப்பை குடித்தார், மத்தியானத்துக்குள் உதடு வீங்கி இட்டலி மாதிரி வந்துவிட்டது. ஓட்டோ பிடித்து டொக்டர் ஷஹீமாவிடம் கொண்டு ஓடினேன். புதிதாக என்ன சாப்பிட்டீர்கள் என்று அந்தப் பிள்ளை மூன்று தரம் கேட்டது, இவர் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று தலையாட்டுகிறார். நான்தான் கணக்குக் கொப்பியைத் திறந்து காட்டினேன், என்றைக்கு என்ன சமைத்தது, என்றைக்குப் பூத்தண்ணி, என்றைக்குத் தடிப்பு என்று எல்லாம் திகதியோடு இருக்கிறதே. கோயிலில் முப்பது வருஷமாகப் பூமாலை கட்டுகிற இவர் செவ்வந்தியைத் தொட்டால் கை பொங்கும் என்று விலக்கி வைப்பதையும் சொன்னேன். அம்மா, இதுவும் செவ்வந்தி வீட்டுப் பிள்ளைதான், இனி ஒரு மிடறும் கூடாது, அடுத்த தரம் தொண்டை வீங்கினால் இங்கே கொண்டுவர நேரம் இராது என்றது டொக்டர்.

இவர் கேட்டாரா? அவள் சின்னப் பிள்ளை, அவளுக்கென்ன தெரியும், இது உன்ரை கத்தரிக்காய் செய்த வேலை என்கிறார். நாற்பது நாளாகக் கத்தரிக்காய் இந்த வீட்டுப் படியேறவில்லை! பெட்டியை அரிசி வாளிக்குள் ஒளித்தேன், மோந்து பிடித்துவிட்டார். கற்பூரத்துக்குப் பின்னால் வைத்தேன், அதையும் பிடித்தார். சுவாமிக்கு வைத்ததைக் குப்பையில் கொட்ட மனம் வராமல் பக்கத்து வீட்டு மயிலம்மாவிடம் கொடுத்தால், அதற்கு முதலே பாதியை ஜாம் போத்தலில் கொட்டி எங்கேயோ வைத்திருக்கிறார். நாலு மணிக்கு அந்த மணம் வருகிறது, போத்தலைத்தான் காணவில்லை.

பிள்ளை, அவருக்கு இது நித்திரைக்கு இல்லை. நீ கணக்காளர் வேலையை விட்டுவிட்டு மூலிகைத் தோட்டத்துக்குப் போனபோது, படிச்ச பிள்ளை புல்லுப் பிடுங்கவோ போனது என்று கத்திவிட்டுப் பதினாலு மாதமாக உன்னோடு பேசாமல் இருக்கிற மனிசன், இப்போது கோயிலில் வாற போறவர்களிடமெல்லாம் இது என்ரை மகள் தன்ரை கையாலை பிடுங்கினது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். குடிப்பதை நிறுத்தினால் உன் வேலையை மறுபடி பழுது சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயம். அதை வாய் திறந்து சொல்லுவாரா, உதடு வீங்கினாலும் சொல்லமாட்டார். உனக்கும் அதே பிடிவாதம், எனக்குத்தான் இரண்டு பக்கமும் இடி.

நீ அனுப்பியது தவறென்று நான் சொல்லவில்லை, அழாதே. வேளைக்குச் சாப்பிடு, காலுறை போடு, வெள்ளிக்கிழமையில் விளக்கு வை. முருகன் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் தரட்டும். இதைப் பார்த்தவுடன் என் போனுக்கு எடுக்காதே, அப்பாவின் நம்பருக்கு எடு. மன்னிப்பும் கேட்காதே, நியாயமும் கதைக்காதே. அப்பா, அந்தப் பூவை இனிக் குடிக்காதேங்கோ என்று மட்டும் சொல். கத்துவார், கேட்டுக்கொண்டிரு. போனை வைத்துவிட்டால் திரும்ப எடு.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா