ஒரே பழுது

அண்ணா,

இன்று உன் பட்டறைக்குச் சண்டை போடத்தான் வந்தேன். கூப்பிட்டால் நீ திரும்புவதில்லை, போனை எடுப்பதில்லை, என் மகள் கல்யாணப் பேச்சில் சம்பந்தமில்லாமல் தலையாட்டுகிறாய். திமிர், அண்ணி ஏற்றிவிட்டது, வீட்டுப் பங்கில் மனக்கசப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

நீ வாசலுக்கு முதுகைக் காட்டி, ஒரு ஃபிரிட்ஜின் முன் உட்கார்ந்திருந்தாய். பக்கத்து மேசையில் ஒரு அலாரம் கடிகாரம் வீறிட்டுக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற எனக்கே காது கூசியது. நீ அசையவில்லை. முன்பெல்லாம் கம்ப்ரசரில் காதை வைத்துப் பார்ப்பாய். இன்று உள்ளங்கையை வைத்திருந்தாய்.

உள்ளே வந்தேன். தோளைத் தொட்டதும் திரும்பினாய். என் வாயையே பார்த்தபடி, "எப்ப வந்தே?" என்றாய். "சும்மாதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

"மூணு கோளாறு இருந்தா மூணு பழுதைத் தேடாதே, முதல்ல ஒண்ணைத் தேடு" என்று உன் ஆட்களிடம் சொல்வாயே. ஃபிரிட்ஜுக்கு நீ காட்டும் நியாயத்தைக்கூட நான் உனக்குக் காட்டவில்லை. என் புகார் எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றே போதும் அண்ணா. போதும் என்பதுதான் பயமாக இருக்கிறது.

நாளைக் காலை வருகிறேன், டாக்டரிடம் போவோம். அண்ணியிடம் நானே பேசுகிறேன்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்கமாட்டாய்.

உன் தங்கை