பாப்பாவின் கையில் என் விரல் தடம்

வெள்ளி, இரவு பன்னிரண்டரை

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள், சேகர். என் டைரிதான்; ஆனாலும் இன்று உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் லீவு போட்டதால், மாலையில் வாங்க நினைக்கிற அந்த செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் செடானை எக்ஸ்பிரஸ்வேயில் ஓட்டிப் பார்த்தோம். நான் பின் சீட்டில், பாப்பா என் மடியில். மீட்டர் நூற்றைம்பதைத் தொட்டது.

"இன்னா, பயமாக்கீதா?" என்று சிரித்தீர்கள். "இனிமே டிரெயினே வேணாம். பாப்பா தூங்கறதுக்குள்ள பெங்களூர்லேந்து வந்துடுவேன்."

"நல்லாத்தான் இருக்குதுங்க," என்றேன்.

பொய். தினமும் நீங்கள் வருவதற்குள் தூங்கிப்போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவைப் பார்க்கிற பிள்ளைக்காகச் சொன்ன பொய். இறங்கியபோது, பயத்தில் நான் இறுக்கிப் பிடித்திருந்த அவள் கையில் என் ஐந்து விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவள் அழவில்லை. ஸ்வெட்டர் கையை இழுத்து மூடிவிட்டேன். நீங்கள் விலை பேசிக்கொண்டிருந்தீர்கள்.

இரவில் டிரெயின் நம் ஊர் சாம்பியன் ஸ்டேஷனில் ஊதும்போதே நீங்கள் வந்துவிட்டது எனக்குத் தெரியும். தினமும் இருட்டில் தனியாக நூறு கிலோமீட்டர் வருகிற காருக்கு நான் எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்?

கார் வேண்டாம் என்று சொல்லவில்லை. இது வேண்டாம்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து உங்கள் டிபன் பையில் வைக்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் படித்துவிட்டு, உடனே போன் பண்ணுங்க.