வாசலுக்கு வந்த மணல் வாளி

மயிலாப்பூர், 1934

சௌபாக்கியவதி மரகதத்துக்கு ஆசீர்வாதம். நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தீயணைக்கும் மணல் வாளி ஸ்டாண்டை அச்சகத்து வாசலில் வையுங்கள் என்று நான் எவ்வளவோ கத்தியும் மானேஜர் ஸ்ரீரங்கன் கேட்கவில்லை. ஆயுத பூஜைக்கு அதற்கும் மாலை போட்டு மூலையில் நிறுத்திவிட்டார். கற்பூர நெருப்பு காகிதக் கட்டு ஒன்றில் பற்றிக்கொண்டது. நான் வாளியை எடுக்க ஓடினேன்.

"பூஜைல வெச்சத இன்னிக்குத் தொடப்படாது ஓய்!" என்று ஸ்ரீரங்கன் தடுத்தார்.

"நெருப்பு மட்டும் தொடலாமோ?" என்று மாலையை அறுத்து மணலைக் கொட்டினேன். தீ அடங்கியது.

"பெருசு அப்பவே சொல்லிக்கினு இருந்துச்சே!" என்று அச்சுக்கோக்கும் குப்பன் சிரித்தான்.

இன்று ஸ்ரீரங்கனே ஸ்டாண்டைத் தூக்கிவந்தார். வாசலில் இடம் காட்டியவன் நான்.

கையில் சிறு கொப்புளம்தான். நீ காய்ச்சும் எண்ணெய் கொஞ்சம் அனுப்பு; இங்கே நானே பூசிக்கொள்ள வேண்டும். தபால் கட்டும் நேரம்.

அங்கமுத்து